அத்தியாயம் 5: அறை உங்கள் பொறுப்பு – இணையவழி ஆலோசனையின் முதல் சில வாரங்கள்

ஆலோசகரை நேரில் போய்ப் பார்த்தால் ஏற்பாடுகளில் பாதி அவருடையது. கதவு சாத்தியிருக்கும். உள்ளே பேசுவது வெளியே கேட்காது. காத்திருக்கும் பத்து நிமிடத்தில், என்ன சொல்லப் போகிறோம் என்பது மனதில் ஒருவாறு ஒழுங்குக்கு வந்துவிடும். முடிந்ததும் பஸ் பிடித்து வீடு வந்து சேர்வதற்குள் கண் சிவப்பும் அடங்கிவிடும். இணையவழியில் இதெல்லாம் உங்கள் தலையில் வந்து விழுகிறது. பதிலுக்குக் கிடைப்பதும் சிறிதல்ல. தேனியில் உட்கார்ந்துகொண்டு சென்னையில் இருக்கும் ஒருவரிடம் தமிழிலேயே பேசலாம். கிளினிக் வாசலில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டாரா என்று திரும்பிப் பார்க்க வேண்டாம். மனநல மருத்துவமனை இருப்பதற்காக 'கீழ்ப்பாக்கம்' என்ற பேட்டையின் பெயரையே வசவாக்கி வைத்திருப்பவர்கள் நாம். அப்படிப்பட்ட இடத்தில் இது பெரிய விடுதலை.

ஆக, இந்த அத்தியாயத்தில் பெரும்பகுதி நீங்கள் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடுகளைப் பற்றியது. ஆலோசகர் செய்ய வேண்டியவற்றை அவர் பார்த்துக்கொள்வார். பார்க்காவிட்டால் என்ன செய்வது என்பதும் கடைசியில் வருகிறது.

திரை போதாத நேரங்கள்

தூக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு, துக்கம், திருமண உரசல், வேலை நெருக்கடி ஆகியவற்றுக்கெல்லாம் திரை வழியாகப் பேசுவது நன்றாகவே உதவுகிறது. சில நிலைமைகளில் மட்டும் அது போதாது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்து அதற்கான வழியும் மனதில் உருவாகியிருந்தால், அடுத்த வாரத்து ஸ்லாட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416. 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் இலவச சேவை இது. இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும், தமிழில் பேசலாம். ஆபத்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் 108, அல்லது பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு.

யாருமில்லாதபோது குரல் கேட்பது, வீட்டார் விஷம் வைக்கிறார்கள் என்று உறுதியாக நம்புவது போன்றவற்றை மனநல மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும். பல வருடமாக தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வரக்கூடும். அது உயிருக்கே ஆபத்து. 'குடியை நிறுத்த ஆன்லைன் கவுன்சிலிங்' என்று பணம் கட்டுவதற்கு முன்னால் அவர் ஒரு மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். வீட்டில் அடிப்பவர் அதே வீட்டில் அடுத்த அறையில் இருக்கிறார் என்றால் திரைவழிப் பேச்சே உங்களுக்கு ஆபத்தாகலாம். அப்போது பெண்களுக்கான 181தான் முதல் அழைப்பாக இருக்கட்டும்.

யாரிடம் பேசப் போகிறீர்கள்

சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்த மருத்துவர். மருந்து எழுதக்கூடியவர் அவர்தான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பெரும்பாலும் இரண்டு ஆண்டு எம்.ஃபில். பயிற்சி முடித்தவர், 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்திருப்பார். அந்தப் பதிவேட்டை நீங்களே இணையத்தில் தேடிப் பார்க்கலாம். கவுன்சலர் என்ற பெயரில்தான் குழப்பம். உளவியலிலோ சமூகப்பணியிலோ முதுகலை படித்து, மூத்தவர் ஒருவரின் கண்காணிப்பில் பல நூறு மணி நேரம் பயிற்சி எடுத்தவரும் கவுன்சலர். வார இறுதி வகுப்பு ஒன்றில் சான்றிதழ் வாங்கியவரும் அதே பெயரைப் போட்டுக்கொள்கிறார். துணை மருத்துவத் துறைகளுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டம் இந்தத் துறையையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் பெயர்ப்பலகை மாட்டுபவரை இன்னும் யாரும் பெரிதாகத் தடுப்பதில்லை.

அதனால் கேளுங்கள். "என்ன படிச்சிருக்கீங்க மேடம், எங்க பயிற்சி எடுத்தீங்க, என் மாதிரிப் பிரச்சினையோட வந்தவங்களைப் பார்த்திருக்கீங்களா, யார்கிட்டயாவது நீங்க வழிகாட்டுதல் வாங்குறீங்களா?" இதைக் கேட்டு முகம் சுளிப்பவரிடம் போக வேண்டாம். நல்ல ஆலோசகருக்கு இது பழகிப்போன கேள்வி. டாக்டரிடம் போய் 'நீங்க எங்க படிச்சீங்க' என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள் நாம். வாய்விட்டுக் கேட்கக் கூச்சமாக இருந்தால் நேரம் குறிப்பதற்கு முன்பே செய்தியாக அனுப்பிவிடலாம்.

சிலரிடமிருந்து உடனே விலகிவிடுங்கள். பத்தே நிமிடத்தில் நோய்க்குப் பெயர் வைப்பவர். 'ஆறே செஷனில் முழு குணம்' என்று உத்தரவாதம் தருபவர். முதல் நாளே இருபது செஷன் பேக்கேஜுக்குப் பணம் கட்டச் சொல்பவர். ஜாதகத்தை அனுப்பச் சொல்பவர். 'கல்யாணம் ஆனா சரியாயிடும்' என்பவர். ஓரினச்சேர்க்கையாளர்களை 'மாற்றிக் காட்டுகிறேன்' என்பவர் விஷயத்தில் சட்டமே தெளிவாக இருக்கிறது. அப்படி மாற்ற முயலும் சிகிச்சைக்கு 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தடை விதித்தார். மருத்துவர் அதைச் செய்தால் அது தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. மகனையோ மகளையோ இதற்காகவே அழைத்துவர நினைக்கும் பெற்றோர் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கலாம்.

செயலி வழியாக ஆலோசனை பெறுவதென்றால் இன்னொரு சோதனையும் தேவை. முதலில் உங்களோடு பேசுவது மனிதரா, கணினி நிரலா என்று கேட்டுவிடுங்கள். நிரலோடு பேசுவதில் தவறில்லை. ஆனால் நள்ளிரவில் நிலைமை மோசமானால் அது உங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பாது.

ஒப்புதல் படிவம்

செஷனுக்கு முன்பே ஒரு படிவம் வரும். பெயர், வயது, எடுக்கும் மருந்துகள், அவசரத்தில் தொடர்புகொள்ள ஒருவர், இப்போது நீங்கள் இருக்கும் முகவரி. கடைசி இரண்டையும் பார்த்ததும் பலர் தயங்கிவிடுகிறார்கள். 'வீட்டுக்கு போன் போட்டுச் சொல்லிடுவாங்களோ?' மாட்டார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால், முந்நூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவர் உதவியை எந்தத் தெருவுக்கு அனுப்புவார்? அதற்காகத்தான் முகவரி. சில ஆலோசகர்கள் ஒவ்வொரு செஷனின் தொடக்கத்திலும் 'இன்னிக்கு எங்க இருந்து பேசுறீங்க?' என்று கேட்பதும் இதனால்தான். அவசரத் தொடர்புக்குக் குடும்பத்தினர்தான் வேண்டும் என்பதில்லை. நம்பகமான நண்பர் போதும்; அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பெயரைக் கொடுங்கள்.

நீங்கள் சொல்வது ரகசியமாக இருக்கும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலச் சிகிச்சை பெறுபவரின் விவரங்களைக் காக்கும் கடமையைச் சுகாதாரப் பணியாளர்கள்மீது வைக்கிறது. விதிவிலக்குகளும் உண்டு. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால், நீதிமன்றம் கேட்டால், ரகசியம் தளரும். குழந்தைமீதான பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி புகார் செய்வது எவருக்கும் கட்டாயம். ஆலோசகரும் அதில் அடக்கம். இதையெல்லாம் முதல் செஷனிலேயே அவர் விளக்க வேண்டும். விளக்கவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள். பேச்சைப் பதிவு செய்கிறாரா, குறிப்புகளை எங்கே வைக்கிறார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். நீங்களும் அவருக்குத் தெரியாமல் பதிவு செய்யாதீர்கள்.

அறை

இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கும் இடத்தில் 'அமைதியான தனியறையில் அமருங்கள்' என்று அறிவுரை சொல்வது எளிது. நடைமுறையில் ஆட்கள் எங்கிருந்தெல்லாம் பேசுகிறார்கள் தெரியுமா? நிறுத்தி வைத்த காருக்குள், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், தோழியின் அறையில், கோவில் பிரகாரத்தில் கூட. இவற்றில் கார் உத்தமம், கண்ணாடியை ஏற்றிவிட்டால் குரல் வெளியே போகாது. ஆனால் வெயிலில் வேண்டாம், ஓட்டிக்கொண்டு வேண்டவே வேண்டாம். அலுவலக மீட்டிங் ரூமை நான் பரிந்துரைக்க மாட்டேன். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மேனேஜர் நடந்துபோகும்போது யாரும் மனம்விட்டு அழுவதில்லை.

வீட்டில்தான் பேச முடியும் என்றால் நேரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மாமியார் கோவிலுக்குப் போகும் வெள்ளிக்கிழமை மாலை, பிள்ளைகள் டியூஷனில் இருக்கும் நேரம், இரவு எல்லாரும் படுத்த பின் ஒன்பதரை மணி. மாலை, இரவு ஸ்லாட்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்கூட்டியே குறித்து வைக்க வேண்டும். கதவுக்கு வெளியே வேறொரு போனில் பாட்டோ செய்தியோ ஓடவிட்டால் உள்ளே பேசும் சொற்கள் பிரிந்து கேட்காது. இயர்போன் கட்டாயம். ஆலோசகர் சொல்வது வெளியே கேட்காது என்ற நம்பிக்கை இருந்தால்தான் நீங்களும் வாய் திறப்பீர்கள்.

வீட்டாரிடம் என்ன சொல்வது? முடிந்தால் உண்மையைச் சொல்லுங்கள். முடியாவிட்டால் 'ஒரு மணி நேரம் முக்கியமான போன், கூப்பிடாதீங்க' என்பதே போதும், அதுவும் பொய்யில்லை. யாராவது திடீரென்று உள்ளே வந்தால் என்ன செய்வது என்பதை முதல் செஷனிலேயே ஆலோசகரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். 'சரி மேடம், அந்த ரிப்போர்ட்டை நாளைக்கு அனுப்புறேன்' என்று நீங்கள் சொன்னால் அவர் புரிந்துகொண்டு பேச்சை மாற்றிவிடுவார்.

கதவைவிட அதிகமாகக் காட்டிக்கொடுப்பது கருவிகள்தான். உங்கள் வாட்ஸ்அப் வீட்டு லேப்டாப்பிலும் திறந்திருக்கிறதா? பூட்டிய திரையில் 'நாளை 6 மணிக்கு உங்கள் செஷன்' என்று நினைவூட்டல் தெரிகிறதா? கணவரும் பார்க்கும் வங்கிக் கணக்கில் ஆலோசனை மையத்தின் பெயரோடு பணம் போனது பதிவாகிறதா? எல்லாவற்றையும் ஒருமுறை சரிபாருங்கள். கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினால் முக்கால் மணி நேரத்தில் கை வலிக்கும், படமும் ஆடும். புத்தக அடுக்கிலோ டம்ளரிலோ சாய்த்து வையுங்கள். சார்ஜ் போட்டு வையுங்கள். மின்தடை சொல்லிக்கொண்டு வருவதில்லை. வீடியோ திணறினால் குரல் அழைப்புக்கு மாறலாம். இணைப்பு அறுந்தால் யார் யாரை அழைப்பது என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழைத்து இருவருக்கும் 'பிஸி' வரும்.

முதல் செஷன்

நாற்பத்தைந்து முதல் ஐம்பது நிமிடம். அதில் பெரும்பகுதி கேள்விகள். ஓசூரில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் முப்பது வயதுக்காரர் ஒருவரை வைத்துக்கொள்வோம். பேச்சு இப்படித் தொடங்கும்:

"சொல்லுங்க, இப்ப என்ன சிரமமா இருக்கு?"

"எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல மேடம். தூக்கமே வர்றதில்ல. ராத்திரி ரெண்டு மணி, மூணு மணி ஆயிடுது."

"எவ்வளவு நாளா?"

"ஷிஃப்ட் மாறினதுல இருந்து... இல்ல, அதுக்கு முன்னாடியே. அப்பா தவறினதுக்கு அப்புறம்."

தொடங்கத் தெரியவில்லை என்றவர் இரண்டாவது பதிலிலேயே அப்பாவிடம் வந்துவிட்டார். அழகாகச் சொல்ல வேண்டும், வரிசையாகச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் இல்லை. உடம்பிலிருந்து தொடங்குவது நம்மவர்களுக்கு எளிது: நெஞ்சு படபடப்பு, தலை பாரம், பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாமல் போவது. அதிலிருந்தே ஆலோசகர் மற்றதைக் கேட்டு வாங்கிவிடுவார்.

பிறகு வீட்டில் யார் யார், குடிப்பழக்கம் உண்டா, முன்பு சிகிச்சை எடுத்ததுண்டா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று போகும். 'செத்துப்போயிடலாம்னு தோணியிருக்கா?' என்று நேராகவே கேட்பார். அதிர்ச்சியடைய வேண்டாம், எல்லாரிடமும் கேட்கும் கேள்வி அது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. உண்மையைச் சொல்லுங்கள், 'ஆமாம்' என்றதும் போலீஸ் வந்துவிடாது. எண்ணம் எவ்வளவு தீவிரம் என்று மேலும் கேட்டு, பாதுகாப்புக்கு என்ன செய்யலாம் என்று உங்களோடு சேர்ந்து திட்டமிடுவார்.

சிலர் வினாத்தாள் தருவார்கள். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9இல் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியவை, மொத்தம் 27 மதிப்பெண். பதற்றத்துக்கு ஜி.ஏ.டி-7, ஏழு கேள்விகள், 21 மதிப்பெண். அதிக மதிப்பெண் வந்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம். ஒரு மாதம் கழித்து அதே தாளை நிரப்பும்போது எண் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று பார்ப்பதற்குத்தான் அது.

திரைக்கென்று சில விசித்திரங்கள் உண்டு. ஆலோசகர் உங்கள் கண்ணைப் பார்ப்பதில்லை என்று தோன்றும். அவர் பார்ப்பது திரையில் உள்ள உங்கள் முகத்தை, கேமரா இருப்பது அதற்கு மேலே. அடிக்கடி தலை குனிந்தால் குறிப்பு எழுதுகிறார் என்று அர்த்தம். சந்தேகமாக இருந்தால் கேட்டுவிடலாம். அரை நொடித் தாமதத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இரண்டு பேரும் நிறுத்தி, 'நீங்க சொல்லுங்க' என்பீர்கள். முதல் பத்து நிமிடத்தில் பழகிவிடும். திரை ஓரத்தில் உங்கள் முகமே உங்களுக்குத் தெரிவது பெரிய தொல்லை. அழும்போது தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது. அதை மறைத்துவிடும் வசதி பல செயலிகளில் இருக்கிறது.

நம் ஊரில் மிகப் பெரிய ஏமாற்றம் வேறொன்று. 'ஒரு மணி நேரம் பேசினேன், ஒண்ணுமே சொல்லல' என்பார்கள். பிரச்சினையைச் சொன்னால் பெரியவர் தீர்ப்பு சொல்வார் என்று பழகியவர்கள் நாம். சித்தப்பா சொல்வார், தலைமை ஆசிரியர் சொல்வார், ஜோசியர் சொல்வார். ஆலோசகர் மட்டும் 'உங்களுக்கு என்ன தோணுது?' என்று திருப்பிக் கேட்கிறார். விவாகரத்து செய்யலாமா, வேலையை விடலாமா என்பதற்கெல்லாம் அவர் முடிவு சொல்ல மாட்டார். சொல்லக் கூடாது. அதே நேரம், நான்கு வாரமாகத் தலையாட்டுவதைத் தவிர வேறெதுவும் செய்யாத ஆலோசகரையும் நான் ஆதரிக்கவில்லை. தூக்கத்தைச் சரிசெய்யும் வழிகள், பதற்றம் ஏறும்போது செய்யும் மூச்சுப் பயிற்சி, எண்ணங்களை எழுதிப் பார்க்கும் நோட்டு என்று கையில் ஏதாவது கிடைக்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

முடிந்ததும் லேப்டாப்பை மூடிவிட்டு நேராக அடுப்படிக்குப் போகாதீர்கள். நேரில் போயிருந்தால் கிடைத்திருக்கும் அந்த பஸ் பயணத்தை நீங்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். கால் மணி நேரம் தெருவில் நடந்துவிட்டு வாருங்கள், முகம் கழுவுங்கள், மனதில் நிற்கும் இரண்டு வரியைக் குறித்து வையுங்கள். அன்று இரவு கனமாக இருக்கலாம். பல நாள் மூடிவைத்ததைத் திறந்தால் அப்படித்தான். இரண்டு மூன்று நாளாகியும் இறங்கவில்லை என்றால் அடுத்த செஷன்வரை காத்திருக்காமல் ஆலோசகருக்குத் தெரிவியுங்கள்.

பணம், மருந்து, வெளிநாடு

தனியாரிடம் ஒரு செஷனுக்குச் சில நூறு ரூபாயில் தொடங்கி இரண்டாயிரம், மூவாயிரம் வரை ஆகும். கட்டணம் அதிகம் என்பதால் ஆலோசகர் சிறந்தவர் என்றாகாது. வருமானத்துக்கேற்பக் குறைத்துக்கொள்பவர்கள் உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள். நேரத்தை ரத்து செய்ய 24 மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும் என்பது பரவலான விதி. பணம் கட்ட முடியாதவர்களுக்கு 14416 இருக்கிறது, அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு இருக்கிறது.

கவுன்சலர் மருந்து எழுத முடியாது. தேவை என்று பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். அவரையும் வீடியோவில் பார்க்கலாம். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் அதற்கு இடம் தருகின்றன, சில வகை மருந்துகளைத் தவிர. வெளிநாட்டில் இருந்துகொண்டு தமிழ்நாட்டு ஆலோசகரைத் தேடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க மாநிலங்களைப் போலப் பல இடங்களில், பேசுபவர் எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ அந்த இடத்து உரிமம் ஆலோசகருக்குத் தேவை. அதனால் இங்கிருப்பவர் மறுத்தால் வருத்தப்பட வேண்டாம்.

ஒத்துவராவிட்டால்

பெரும்பாலும் வாரம் ஒரு முறை சந்திப்பீர்கள். நான்காவது அல்லது ஐந்தாவது வாரத்தில் ஒரு செஷனின் கடைசிப் பத்து நிமிடத்தை இதற்கென்றே கேட்டு வாங்குங்கள்: எதற்காக வந்தேன், இப்போது எங்கே இருக்கிறேன், இன்னும் எவ்வளவு நாள் ஆகும். ஒத்துவரவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். 'மேடம், நான் பேசுறப்ப நீங்க வேகமா அடுத்த கேள்விக்குப் போயிடுறீங்க', 'எங்க வீட்டு நிலைமை உங்களுக்குப் புரியுதான்னு தெரியல.' மனம் நோகுமே என்று நினைத்து, அழைப்பை எடுக்காமல் காணாமல் போவதுதான் நம் வழக்கம். இணையவழியில் அது இன்னும் எளிது, ஒரு எண்ணை முடக்கினால் முடிந்தது. ஆனால் தேர்ந்த ஆலோசகர் இப்படிப்பட்ட பேச்சுக்குத் தயாராக இருப்பவர். சில சமயம் அதைப் பேசிய பிறகுதான் வேலையே நன்றாக நடக்கத் தொடங்கும்.

பேசியும் சரிவரவில்லை என்றால் வேறொருவரிடம் போகலாம், அது துரோகமில்லை. போவதற்கு முன் இதுவரை நடந்ததைப் பற்றி ஒரு பக்கச் சுருக்கம் எழுதித் தரும்படி கேளுங்கள். புதியவரிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லி மாள்வது கடினம். அதை அவர் நேராகப் புதியவருக்கு அனுப்பாமல் உங்களிடமே தரட்டும். படித்துப் பார்த்து, வேண்டாத வரி ஏதாவது இருந்தால் எடுக்கச் சொல்லிவிட்டு, பிறகு நீங்களே அனுப்புங்கள்.